கடலோர வீட்டுப் பட்டறையில் அரம்: துரு எது, மழுங்கல் எது?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள் தம்பி. மண்டபம் பக்கம் வீடு, கடல் நடக்கிற தூரம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு வைஸ், ஒரு டிரில், பத்துப் பன்னிரண்டு அரங்கள். தகரப் பெட்டிக்குள் தேங்காய் எண்ணெய் தடவிப் போட்டும் ஒரே மாதத்தில் துரு ஏறுகிறது. இரும்பில் வைத்துத் தள்ளினால் கடிக்காமல் வழுக்குகிறது. பேட்டரி ஆசிட்டில் ஊறவைத்தால் புதுசு போல் ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அதைச் செய்யலாமா, ராமநாதபுரத்தில் அரம் தீட்டித் தருகிற கடை உண்டா, இல்லை எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்பது கேள்வி. நீங்கள் கேட்டிருப்பது தீட்டுவதைப் பற்றி. ஆனால் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தால் அந்த அரங்களில் பாதிக்கு மேல் மழுங்கியே இருக்காது என்று தோன்றுகிறது. அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது துரு பிடித்திருக்கும். அடைப்பு, துரு, மழுங்கல் மூன்றும் கைக்கு ஒரே மாதிரி வழுக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆசிட் கடைசி மருந்து, அதுவும் எல்லா அரத்துக்கும் ஆகாது.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அங்கே முதல் சில மாதம் வேறு வேலையே கிடையாது. ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, நாலு பக்கமும் மூலைமட்டத்துக்கு வெளிச்சம் தெரியாமல் அராவு என்பார்கள். அதன்பிறகு பாம்பன் பக்கம் படகு எஞ்சின் பட்டறைகளில்தான் என் காலம் போனது. எனவே கீழே சொல்வதில் அரத்தைச் சுத்தம் செய்வது, வைப்பது, வினிகரில் போடுவது எல்லாம் என் கையால் பார்த்தது. உலோகவியல் நான் படித்ததில்லை. அந்தப் பக்கம் போகும்போது எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

அரம் என்பது ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான சின்ன உளிகளை வரிசையாக நிறுத்திய பொருள். ஒரு சதவீதத்துக்கு மேல் கார்பன் உள்ள எஃகில் பல் வெட்டி, சூடாக்கித் தோய்த்து, உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60-க்கு மேல் கடினமாக்கியிருப்பார்கள். பிடிக்குள் போகும் வால் மட்டும் மென்மையாக விடப்பட்டிருக்கும், ஒடியாமல் இருப்பதற்காக. ஒரு வரிசைப் பல் உள்ளது சிங்கிள் கட், குறுக்கே இன்னொரு வரிசையும் வெட்டியிருந்தால் டபுள் கட். ஒவ்வொரு பல்லும் முனைப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருப்பதால் தள்ளும்போதுதான் வெட்டும். இவ்வளவு சின்னப் பல்லைச் சாணைக்கல்லில் வைத்துக் கத்தி போலத் தீட்ட வழியே இல்லை. அதனால் அரம் தீட்டுவது என்று யார் சொன்னாலும், பல்லின் முதுகைக் கொஞ்சம் கரைத்தோ அடித்தோ விளிம்பை மறுபடி மெலிதாக்குவது, அல்லது பழைய பல்லை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டுவது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

எது மழுங்கியது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அரத்தைத் துடைத்து, காலை வெயில் வரும் வாசலுக்குக் கொண்டுபோங்கள். முனையை உங்கள் பக்கம் வைத்து, பல்லின் மேல் வெளிச்சம் விழும்படி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, கறுப்பாகவே தெரியும். மழுங்கிய பல் நுனியில் வெள்ளைக் கோடு போட்டது போல மின்னும். பெரும்பாலும் நடுவில் மட்டும் மின்னல் இருக்கும், வால் பக்கமும் முனைப் பக்கமும் கறுப்பாகவே இருக்கும். நம் ஆட்கள் நடுப்பகுதியிலேயே அராவுவதுதான் காரணம். அப்படியானால் அந்த அரம் சாகவில்லை, பாதி மீதியிருக்கிறது. மின்னலும் இல்லாமல் வழுக்குகிறது என்றால் பல்லிடுக்கு அடைத்திருக்கிறது. பல் விளிம்பே புள்ளி புள்ளியாக அரித்து, ரம்பம் போலக் குதறியிருந்தால் அது துருவின் வேலை. அதை எந்த ஆசிட்டும் திருப்பித் தராது, ஏனென்றால் அங்கே இரும்பே இல்லை.

அடைப்பை எடுப்பதற்கு ஃபைல் கார்டு என்ற கம்பி பிரஷ் வாங்கலாம். மேலாக இருக்கும் தூளுக்கு அது போதும். பல்லிடுக்கில் அழுத்தி உட்கார்ந்த அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் அது போதாது. அதற்குப் பட்டறையில் நாங்கள் வைத்திருப்பது கட்டைவிரல் அகலப் பித்தளைத் தகடு. பழைய செம்புக் குழாயைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கினாலும் சரி. தகட்டின் விளிம்பை அரத்தின் நீளவாக்கில் இல்லாமல், பல் வரிசை ஓடும் சாய்வில் வைத்து அழுத்தித் தள்ள வேண்டும். சிங்கிள் கட் அரத்தில் அந்தச் சாய்வு நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 60 பாகையில் இருக்கும். நாலைந்து முறை தள்ளியதும் தகட்டின் விளிம்பே பல்லின் அச்சில் சீப்பு மாதிரி வெட்டுப்பட்டுவிடும். அதற்குப் பிறகுதான் அது வேலை செய்யும். அந்தச் சீப்பு இடுக்குக்கு அடிவரை இறங்கி, ஊசி முனை அளவு உலோகத் துணுக்கைத் தூக்கி வெளியே எறியும். அந்தத் துணுக்குதான் அராவிய பரப்பில் ஆழமாகக் கோடு இழுத்த வில்லன். இரும்பு ஊசியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தி எடுக்காதீர்கள். கடினமான பல் எளிதில் உடையும், பித்தளை அதை ஒன்றும் செய்யாது. இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு மறுபடி இரும்பில் வைத்துப் பாருங்கள். செத்துவிட்டது என்று ஒதுக்கிய அரங்களில் சில அப்போதே கடிக்க ஆரம்பித்துவிடும்.

இனி துரு. ராமநாதபுரம் கரையில் இருப்பவருக்கு உண்மையான சிக்கல் இதுதான், தீட்டுவது இரண்டாம்பட்சம். மண்டபத்திலும் பாம்பனிலும் நமக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்து உப்புத் தூவானம் வரும், வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கத்திலிருந்து வரும். வருடத்தில் உப்பு ஓய்கிற நாளே இல்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால், நம் ஊர்க் காற்றின் லட்சணம் அப்படி. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைக் கடைசிவரை பெயின்ட் அடித்து அடித்தே காப்பாற்ற வேண்டியிருந்ததற்கும் இதே காற்றுதான் காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது. வெறும் சோற்றுப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிந்து நீராகும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே ஈரமாகிவிடும். நம் கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது மிக அரிது. ஆகவே அரத்தின் பல்லிடுக்கில் உப்புப் படிந்திருந்தால் அது கோடை மத்தியானத்தில்கூட முழுதாகக் காயாது. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர் ஒன்று இரவும் பகலும் அங்கே உட்கார்ந்திருக்கும். அதன்மேல் எண்ணெய் தடவினால் என்ன ஆகும்? உப்பை மூடிப் பத்திரப்படுத்தினதாக ஆகும். எண்ணெய்க்கு அடியிலேயே துரு நடக்கும். உங்கள் பெட்டியில் நடந்திருப்பது இதுதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். கை வியர்வையும் உப்புதான். அராவும்போது முனையைப் பிடிக்கிற இடது கை விரல் படும் இடத்தில் துரு முதலில் வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

எனவே வரிசை இதுதான்: முதலில் உப்பைக் கழுவு, பிறகு காய வை, அதற்குப் பிறகு எண்ணெய். கடினமாக்கிய எஃகைத் தண்ணீரில் கழுவுவதா என்று பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். தண்ணீரால் அரத்துக்குக் கேடு இல்லை, தண்ணீர் அங்கேயே தங்கினால்தான் கேடு. ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் நம் ஊரில் கவனம் வேண்டும். கரையோரம் பல வீடுகளில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே தடவியதாகும். காவிரிக் கூட்டுக் குடிநீர், மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவானாலும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். ஒரு சொம்பு போதும், குடம் விலைக்கு வாங்குகிற ஊரில் அதற்கு மேல் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் சூடாக்கிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியில் உதறித் துடைத்து, உடனே வெயிலில் சூடேறிய தகரத்தின் மேல் வைத்தால் பத்து நிமிடத்தில் இடுக்கெல்லாம் காய்ந்துவிடும். கை பொறுக்கிற சூட்டோடு எண்ணெய் தடவுங்கள், அப்போதுதான் உள்ளே இறங்கும். மழைக்காலமானால் அடுப்பு அணைத்த பிறகு சூடாக இருக்கும் தோசைக்கல்லை வீட்டில் கேட்டு வாங்க வேண்டியதுதான். அடுப்பு எரியும்போது வைக்காதீர்கள். சூடு அதிகமானால் அரத்தின் கடினம் இறங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயை விட்டுவிடுங்கள். நாள்பட்டால் காறிப்போகும், காறும்போது அதில் அமிலம் உருவாகும். நல்லெண்ணெய் பிசின் போலக் கெட்டியாகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய் நல்லது. படகு ஊரில் டீசலுக்குப் பஞ்சமில்லை. டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலைக் கலந்து துணியில் நனைத்துத் துடைத்தாலும் போதும், வாசனை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில் வேண்டாம். எரிபொருள் எரிந்த அமிலக் கசடு அதில் இருக்கும், தோலுக்கும் ஆகாது.

எண்ணெய் தடவிய அரம் வேலையில் வழுக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். உள்நாட்டில், மதுரை போன்ற இடங்களில் இருப்பவர்கள் அரத்துக்கு எண்ணெயே காட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அது அவர்களுக்குச் சரி. நமக்கு அந்தச் சட்டம் ஒத்துவராது. வேலைக்கு எடுக்கும்போது மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ நனைத்த துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். மிச்ச எண்ணெயை அது உறிஞ்சும், உலோகத் துணுக்கு இடுக்கில் ஒட்டுவதையும் குறைக்கும். வேலை முடிந்ததும் அந்தச் சாக்பீஸ் தூளை முழுவதும் பிரஷ் போட்டு எடுத்துவிட வேண்டும். ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிப் பல்லோடு ஒட்டவைத்திருப்பதில் அதற்கு நிகர் கிடையாது. சாக்பீஸோடு பெட்டிக்குள் போன அரம் வாடைக் காலம் முடிவதற்குள் வரி வரியாகச் சிவந்து வெளியே வரும்.

வைக்கிற முறைக்கு வருவோம். ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவதுதான் முதல் தவறு. ஒரே கடினமுள்ள இரண்டு பல் வரிசை உரசினால் இரண்டும் உடையும். துணிச் சுருளில் ஒவ்வொன்றாகச் செருகி வைக்கும் வழக்கம் பார்க்க அழகு. நம் கரையில் பருத்தித் துணியும் சாக்கும் ஈரத்தையும் உப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு அரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும். மரத்தில் காடி வெட்டி நிறுத்துவது நல்ல முறை. ஆனால் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். காயாத மரம் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியே துருவைத் தூண்டும். நான் சொல்வது மலிவான வழி: அரை அங்குலம், முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் பி.வி.சி. குழாயை அரத்தின் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறுபக்கம் கழற்றுகிற மூடி. ஒரு குழாய்க்கு ஒரு அரம். உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்ட காகிதச் சுருள் ஒன்று. மூடியின்மேல் மார்க்கரால் பெயர் எழுதிவிட்டால் தேட வேண்டாம். துரு தடுக்கும் வி.சி.ஐ. காகிதம் கிடைத்தால் எண்ணெய்க் காகிதத்துக்குப் பதில் அதையே சுற்றுங்கள், மூடிய குழாயில் அது நன்றாக வேலை செய்யும்.

தகரப் பெட்டியே வேண்டும் என்றால் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். தகரக் கூரை இரவில் குளிர்ந்து விடியற்காலையில் வேர்க்கும், பெட்டியும் சேர்ந்து வேர்க்கும். பழைய பட்டறைகளில் கருவி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். அதில் விஷயம் இருக்கிறது. முப்பது டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை ஐந்து டிகிரி சூடாக்கினாலே ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு வந்துவிடும். பஞ்சு, எண்ணெய்த் துணி, காகிதம் எதுவும் பல்பின் பக்கத்தில் இருக்கக் கூடாது, தீ பிடிக்கும். இன்னொன்று, முன்பு சொன்ன மெக்னீசியம் உப்புக்கு 60 சதவீதமும் ஈரம்தான். கழுவாமல் பல்பை மட்டும் நம்பினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்லது, ஆனால் மூடி இறுக்கமான டப்பாவில்தான். நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். துணி அலமாரிக்கு என்று விற்கிற ஈரம் உறிஞ்சும் டப்பாவை மட்டும் அரத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய தண்ணீர் உள்ளே குளோரைடு கரைசலாகத் தேங்கும், ஒருமுறை சாய்ந்தால் கடல் தண்ணீரை ஊற்றியது போலத்தான். கற்பூரம் போட்டால் துரு வராது என்று பழைய தச்சர்கள் சொல்வார்கள். நானும் போட்டு வைத்திருக்கிறேன், கெடுதல் எதுவும் பார்க்கவில்லை. அதனால்தான் துரு வரவில்லையா, எண்ணெயாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கற்பூரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, ஆசிட். அடிப்படைத் தத்துவம் உண்மைதான். அமிலம் பல்லின் எல்லாப் பக்கத்தையும் கொஞ்சம் கரைக்கும்போது, உருண்டுபோன விளிம்பு இரண்டு பக்கமும் தேய்ந்து மறுபடி மெலிகிறது. தேய்மானம் குறைவாக உள்ள பெரிய பல் அரத்தில், அதாவது பாஸ்டர்டு, அதற்கு அடுத்த செகண்ட் கட் வகைகளில், வித்தியாசம் கையில் நன்றாகத் தெரியும். புதுசு போல் ஆகாது. முன்பு வழுக்கியது இப்போது கடிக்கும், அவ்வளவுதான். ஸ்மூத் அரத்தில் பல்லே அவ்வளவு சின்னது, விளிம்பு மெலிவதற்குள் பல் கரைந்துவிடும். பல் உடைந்திருந்தாலும் பயன் இல்லை. ஒரு அரத்துக்கு ஒருமுறை செய்யலாம், மிஞ்சினால் இரண்டு முறை.

வீட்டில் செய்வதானால் பேட்டரி ஆசிட் வேண்டாம், வினிகர் போதும். பேட்டரியில் ஊற்றுவது எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வேகமாக வேலை செய்வதால் பத்து நிமிடம் அசந்தாலும் அரம் போய்விடும். அதை நீர்க்கச் செய்பவர்கள் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வீடியோக்களில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிற விஷயம். கழிப்பறை கழுவுகிற ஆசிட் அதைவிட மோசம். அது ஹைட்ரோகுளோரிக். அதன் புகை பட்டறையில் தொங்கும் மற்ற கருவிகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். உப்பில் உள்ள அதே குளோரைடு அதிலும் இருப்பதால் நாம் ஓடி ஒளிகிற எதிரியை நாமே அழைத்து வந்ததாகும். மளிகைக் கடை வினிகரில் நாலைந்து சதவீத அசிட்டிக் அமிலம் இருக்கும். எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட்டைக் குடிதண்ணீரில் கரைத்தும் செய்யலாம்.

முறை இப்படி. பித்தளைத் தகட்டால் அடைப்பை எடுத்து, சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். பிசுக்கு உள்ள இடத்தில் அமிலம் படாது, அரம் திட்டுத் திட்டாகத்தான் கரையும். மேலே பிளந்த பி.வி.சி. குழாய் நல்ல தொட்டியாகும். அரத்தைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தினால் இரண்டு முகமும் ஒரே மாதிரி வேலை செய்யும். கொஞ்ச நேரத்தில் பல் வரிசையெங்கும் பொடிக் குமிழிகள் ஒட்டியிருக்கும். குமிழி ஒட்டிய இடத்தில் அமிலம் தொடாது என்பதால் அவ்வப்போது பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை மின்னல் போய் எங்கும் சாம்பல் கறுப்பானதும் நிறுத்திவிடலாம். சாதாரணமாக ஒரு இரவு, அதிகபட்சம் ஒரு நாள். ஊறவிட்டு மறந்துபோய் மூன்றாம் நாள் எடுத்தால் பல் மொட்டையாக இருக்கும். எடுத்தவுடன் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம். அதன்பிறகு நல்ல தண்ணீர், வெயில், எண்ணெய், மேலே சொன்ன அதே வரிசை. இந்த நேரத்தில்தான் அரம் மிக எளிதில் துருப்பிடிக்கும். அமிலம் தின்ற புது இரும்பு நம் காற்றில் நீங்கள் டீ குடித்து வருவதற்குள் சிவந்துவிடும், ஆகவே சோடாத் தண்ணீரும் எண்ணெயும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். இதை வீட்டுக்கு வெளியே, மற்ற கருவிகளுக்குத் தள்ளி, குழந்தைகள் கை படாத இடத்தில் செய்யுங்கள். வினிகராக இருந்தாலும் கண்ணாடி போடுங்கள்.

இதில் ஒரு சந்தேகமான இடம் இருக்கிறது. கடினமான எஃகை அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அது நொறுங்கும் தன்மை பெறும் என்பது பொதுவாக நிரூபணமான விஷயம். வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில், இவ்வளவு நேரத்தில், அரத்தின் பல்லுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் எனக்குத் தெளிவு இல்லை. ஊறவைத்த அரம் அதனால் பல் உதிர்த்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் எடுத்த அரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, முதலில் மென்மையான இரும்பில் லேசாகப் போட்டுவிட்டுத்தான் கனமான வேலைக்கு விடுவேன்.

கடைக்குக் கொடுத்துத் தீட்டலாமா என்று கேட்டீர்கள். பழைய அரத்தைச் சூடாக்கி மென்மையாக்கி, பல்லைத் தேய்த்து எடுத்து, மறுபடி பல் வெட்டித் தோய்த்துத் தருகிற தொழில் முன்பு பல ஊர்களில் இருந்தது. புது அரம் இன்றைய விலைக்குக் கிடைக்கும்போது அது கட்டுப்படியாகாது. ராமநாதபுரத்தில் அப்படி ஒரு கடையை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டில் மெல்லிய மணல் கலந்த நீரைப் பல்லின் முதுகில் பீய்ச்சி அடித்துக் கூராக்குகிறார்கள். புதிய யோசனையில்லை இது. பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் 1870-இல் மணல் வீச்சு முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, அதே நூற்றாண்டிலேயே அரத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். படகுக்கும் கப்பலுக்கும் மணல் வீச்சு செய்கிற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். வால் பக்கமிருந்து முனை நோக்கி, முதுகில் மட்டும் படும்படி மிகச் சாய்வாக, மிக நுண்ணிய மணலால் அடித்தால்தான் விளிம்பு மெலியும். நேராக அடித்தால் இருக்கிற கூரும் உருண்டுவிடும். பெயின்ட் உரிப்பவரிடம் கொடுத்தால் அவர் நேராகத்தான் அடிப்பார். அந்தத் தூசி நுரையீரலுக்கு மிகக் கெடுதல் என்பதால் வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் அரம் எதனால் மழுங்குகிறது என்று நான் சந்தேகப்படுவதைச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் படகு வேலைக்கும் இதே அரங்களைத்தான் எடுக்கிறீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் நம் கரையெங்கும் படகு மராமத்து நடக்கும்போது, கைக்குக் கிடைத்த அரத்தால் ஃபைபர் ஒட்டின் விளிம்பைத் தேய்ப்பது வழக்கம். ஃபைபரில் இருப்பது கண்ணாடி இழை. ஒரு மத்தியான வேலையில் நல்ல அரத்தின் விளிம்பைத் தின்றுவிடும். அதற்கென்று ஏற்கெனவே செத்த அரம் ஒன்றை ஒதுக்கி, பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து வையுங்கள். வெல்டிங் போட்ட இடத்தில் கசடை உளியால் தட்டி எடுத்த பிறகே அரத்தை வையுங்கள். வார்ப்பிரும்பின் மேல்தோலும் அப்படியே கடினம், அரத்தின் ஓரத்தால் அதைக் கீறிவிட்டு உள்ளே போங்கள். புரொப்பல்லர் பித்தளைக்குப் புது அரத்தையும், இரும்புக்குப் பழகிய அரத்தையும் எடுக்க வேண்டும். பித்தளைக்குக் கூர் அதிகம் வேண்டும், இரும்பில் ஓடிய அரம் பித்தளையில் வழுக்கும். கடினமான இரும்பில் தள்ளிவிட்டுத் திரும்ப இழுக்கும்போது அழுத்தத்தை எடுத்துவிடுங்கள், இழுப்பில்தான் பல் விளிம்பு மடிகிறது.

உங்கள் பத்துப் பன்னிரண்டில் எதை என்ன செய்வது என்று கேட்டால்: எல்லாவற்றையும் கழுவிப் பித்தளை போட்டு வாசலில் வைத்துப் பாருங்கள். கறுப்பாகத் தெரிபவை குழாய்க்குள் போகட்டும். நடுவில் மட்டும் மின்னுகிற பெரிய தட்டை அரமும் அரைவட்ட அரமும் இருந்தால் ஒன்றை மட்டும் வினிகரில் விட்டுப் பாருங்கள், சரியாக வந்தால் மற்றது. துருவில் பல் குதறியவற்றைப் பழைய இரும்புக்குப் போடுமுன் ஊரில் கொல்லரிடம் காட்டுங்கள், நல்ல கார்பன் எஃகு என்பதால் உளிக்கும் அரிவாளுக்கும் அவர் எடுத்துக்கொள்வார். நீங்களே சாணையில் பிடித்து உளியாக்கி, சுத்தியால் அடித்துவிடாதீர்கள். சூடாக்கிக் கடினத்தைக் குறைக்காத, அதாவது பதம் இறக்காத அரம் கண்ணாடி மாதிரி சிதறும். ரம்பம் தீட்டுகிற முக்கோண அரத்தை எந்த நிலையிலும் ஆசிட்டில் போடாதீர்கள். அதற்கு மூலை விளிம்புதான் உயிர், அமிலம் முதலில் தின்பது அதைத்தான். அது மட்டும் புதுசாக வாங்கிக்கொள்ளுங்கள், விலையும் அதிகமில்லை.